டாக்டருக்குச் சந்தா இல்லை

ஆயுத பூசையன்று காலை கணினிப் பொறுப்பாளர் மணிவாசகம் மருத்துவமனையின் பெரிய கணினியை அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதில் ஓடிக்கொண்டிருந்த பதினோரு மென்பொருள் டாக்டர்களையும் முன்னதாகவே பழைய கணினிக்கு மாற்றியிருந்தார். எதில் ஓடினாலும் டாக்டர் டாக்டர்தானே என்று நினைத்துவிட்டார் மனிதர். வைத்தியம் சொல்வதற்கான சந்தாவோ பெரிய கணினியின் பெயரில் இருந்தது. வேறு கணினியில் ஒரு மணி நேரம்தான் சலுகை.

அது தீர்ந்த நேரத்தில், வலிப்பு வந்த நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு கற்பகவல்லி பழைய கணினியின் திரைக்கு முன்னால் நின்றாள்.

"சிஸ்டர், இந்த ரெண்டு ஊசியில ஒண்ணு இவனுக்கு ஆகாது. போடக் கூடாதது..." என்று சொல்லிக்கொண்டிருந்த திரை டாக்டர் திடீரென நிமிர்ந்து உட்கார்ந்து, "வணக்கம். தங்கள் நலமே எங்கள் நலம்" என்றார்.

நர்ஸ் எமிலி போனில் கத்தினாள். "மணி அண்ணே, டாக்டரைப் பழையபடி பெரிய கணினிக்கே கொண்டாங்க!"

"இப்பதான்மா சாம்பிராணி காட்டுறேன். அது ஆன் ஆகவே அரை மணி நேரம் பிடிக்கும்."

"அப்ப கம்பெனிக்காரங்கிட்டப் பேசுங்க!"

"பேசிட்டேனே. அங்கயும் இன்னைக்குப் பூசையாம்."

பையனின் உதடு நீலம் பாரித்தது. "எதும்மா ஆகாது? சொல்லுங்கம்மா!" என்று கற்பகவல்லி நர்ஸின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

எமிலி இரண்டு குப்பிகளையும் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "டாக்டர், கண்ணாலயாவது காட்டுங்க."

டாக்டர் இரண்டுக்கும் நடுவே பார்த்துக் கனிவாகப் புன்னகைத்தார். இலவசத்தில் அவ்வளவுதான் உண்டு.