பதினோரு நாள் தூக்கம்

"வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. படமாவே காட்டறேன், பாருங்க!"

கேபிளோட ஒரு முனையை என் போன்ல செருகினேன். இன்னொரு முனையை டிவிக்குப் பின்னாடி. எங்க அடுக்குமாடி வீட்டுக்காரங்க பதினைஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாடி மீட்டிங் ஹால்ல உட்கார்ந்திருந்தாங்க. வாசல் பக்கமா வாட்ச்மேன், தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னான்.

'சிக்னல் இல்லை'ன்னு வந்தது.

"பக்கத்து ஓட்டையில செருகுங்க சார்," என்றார் பல் டாக்டர்.

செருகினேன். என் போன்ல இருந்தது அப்படியே டிவி முழுக்க வந்து நின்னது.

முதல் படம். கேட் பக்கத்துல காவல் அறை. அதோட வாசல்ல நாற்காலி போட்டு, குறுக்கே காலை நீட்டி, தலையைச் சாய்ச்சு, கண்ணை மூடிக்கிட்டு நம்ம ஆள்.

"மூணாவது மாடி பால்கனியிலேருந்து நானே எடுத்தது. மத்தியானம் ஒண்ணரை மணி. இதோ, மறுநாள். அதே நேரம், அதே தூக்கம். மொத்தம் பதினோரு நாள்!"

"அடப்பாவி!" என்றது ஒரு குரல்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். ஹெட்போனை மாட்டிக் கதவைச் சாத்தினா சாயங்காலம் வரைக்கும் தலை நிமிர முடியாது. நடுவுல மூச்சு விட பால்கனிக்கு வந்தா, இவன் ஜம்முனு தூங்கறான். வயிறு எரியுமா எரியாதா?

"என்னப்பா, தூங்கினியா?" சங்கத் தலைவர் கேட்டார்.

வாட்ச்மேன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "தப்புதாங்க ஐயா. ஒரு நிமிஷம் கீழ போயிட்டு ஓடி வந்துடறேன்."

"மாட்டிக்கிட்டதும் நழுவப் பார்க்கிறான் பாருங்க. நில்லுய்யா இங்கேயே!"

"பாவங்க, ரெண்டு குழந்தைங்க இருக்கு அவருக்கு," என் மனைவி மெதுவா இழுத்தா.

"நீ சும்மா இரு. இன்னிக்கே அனுப்பிடணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க!"

நாலஞ்சு கை தூக்கியாச்சு. அப்பத்தான் பல் டாக்டர் கண்ணைச் சுருக்கினார். "அறைக்குள்ள என்னமோ தெரியுதே? கொஞ்சம் பெருசாக்குங்க." அவருக்கு எதையும் பெருசாக்கிப் பார்த்தாத்தான் திருப்தி.

வாட்ச்மேன் பதறிப் போய் முன்னால வந்தான். "வேணாம் சார்! நான் வேலையை விட்டே போயிடறேன். அதை மட்டும் பெருசாக்காதீங்க!"

அப்படிச் சொன்னா விடுவேனா? குட்டு வெளிப்படப் போகுதுன்னு ரெண்டு விரலால இழுத்தேன்.

போன்ல புள்ளி மாதிரி இருந்தது டிவியில பளிச்னு தெரிஞ்சது. உள்ளே ஒரு கட்டில். கட்டில் மேல ரெண்டு கால்.

"ஆளை வேற உள்ள படுக்க வெச்சிருக்கியா? என்னய்யா, லாட்ஜ் நடத்தறியா?" துள்ளிக் குதிச்சேன்.

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

என் மனைவி எழுந்து டிவி கிட்ட போனா. ஒரு கால்ல பச்சை சாக்ஸ், இன்னொரு கால்ல பழுப்பு.

"ஏங்க... இது மாமா கால்."

"உளறாதே! அப்பா சாப்பிட்டதும் ரூம்ல படுத்துத் தூங்கிடுவார்."

"நான் ஆபீஸ்லேருந்து வந்ததும் தினமும் நான்தானே இந்த சாக்ஸைக் கழட்டி மாத்தி விடறேன்? எனக்குத் தெரியாதா?"

அடுத்த படத்தைத் தள்ளினேன். அதே கட்டில், அதே கால். அதுக்கடுத்த படம். அதுலயும். பதினோரு படத்துலயும் எங்கப்பா!

"ஆபீசுக்கு நேரமாச்சுன்னு பையை மாட்டிக்கிட்டு இறங்கி வருவாருங்க," என்றான் வாட்ச்மேன். "முதல் நாள் மெயின் ரோடு நடுவுல நின்னுட்டிருந்தார். நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

அப்பா ரிடையராகிப் பதினெட்டு வருஷம் ஆகுது.

"என்கிட்ட ஏன்யா சொல்லலை?" அவன் பக்கம் திரும்பினேன்.

"கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாருங்க. 'பையனுக்குத் தெரிஞ்சா என்னை ரூம்ல வெச்சுப் பூட்டிட்டு வேலை பார்ப்பான்'னார்." மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான். "சார், மணி ஒண்ணரை. கேட்டுல யாருமே இல்லைங்க!"

போன், கேபிள் எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடினேன். படியில என் மனைவி பின்னாலேயே வந்தா.

"பதினோரு நாள் கீழே எட்டிப் பார்த்தீங்களே, பக்கத்து ரூமை ஒரு நாள் எட்டிப் பார்த்தீங்களா?"

ரெண்டு ரெண்டு படியா இறங்கினேன்.

தலைவர் மட்டும் விடறதா இல்லை. "எல்லாம் சரிப்பா. ஆனா டியூட்டியில தூங்கினது தூங்கினதுதானே?" வாட்ச்மேன் கூடவே படியிறங்கி, மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டார்.

கேட் திறந்து கிடந்தது.

நல்லவேளை, காவல் அறைக் கட்டில்ல அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில பை. பச்சை ஒண்ணு, பழுப்பு ஒண்ணு. என்னைப் பார்த்ததும் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். எனக்குப் பின்னால வந்த வாட்ச்மேனைப் பார்த்துதான் முகம் மலர்ந்தது.

"எங்க தம்பி போயிட்டே? நீ தூங்கினாத்தானே எனக்குத் தூக்கம் வரும்? வா, வந்து தூங்கு."

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். நாற்காலியை அறை வாசல்ல போட்டு, குறுக்கே காலை நீட்டி, தலையைச் சாய்ச்சு, கண்ணை மூடிக்கிட்டார்.

அப்பா அவரையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் மெதுவா படுத்தார்.

அப்பா கண்ணை மூடினார்.

உடனே, வாட்ச்மேன் கண்ணைத் திறந்தார்.