தேவநேசனுக்குப் புல்லரித்த கதை

மெட்டல் பாட்டுப் போட்டியில் நடுவர்கள் வாயால் மதிப்பெண் சொன்ன காலம் மலையேறிவிட்டது. இப்போது அவர்கள் முன்கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். பாட்டின்போது அதிகபட்சமாக எவ்வளவு புல்லரிக்கிறதோ, நூற்றுக்கு அவ்வளவு. "உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது!" என்று அரைமணி நேரம் முழங்கிவிட்டுத்தான் நாகர்கோவில் அரங்கில் தேவநேசன் நடுவராக உட்கார்ந்தார்.

கடைசிப் பாட்டு, முன்பின் சந்தித்திராத நான்கு பேர் கூட்டாகச் செய்தது. அதில் உறுமிக் கத்தும் பங்கு அவர் மகள் ஜெனிட்டாவுடையது. அப்பாவே நடுவரா என்று யாரும் முனகவில்லை. உடம்புக்குத்தான் பொய் தெரியாதே.

ஜெனிட்டா உறுமினாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த திரையில் அப்பாவின் எண் பதினொன்றில் நின்றது. அவர் பல்லைக் கடித்தார், மூச்சை அடக்கினார், பேயை நினைத்துப் பார்த்தார். எண் ஒன்பதுக்கு இறங்கியது.

"என்ன அண்ணாச்சி, சொந்தப் பிள்ளைக்கே ஒரு ரோமம்கூட எந்திரிக்க மாட்டேங்கு?" என்றார் பக்கத்து நடுவர் செல்வின்.

அந்த நேரம் பார்த்து ஜெனிட்டா கத்திக்கொண்டே திரையின் பக்கம் திரும்பினாள். தேவநேசனுக்குக் குலை நடுங்கியது. கைரோமம் அத்தனையும் குத்திட்டு நின்றது. அவள் கண்ணில் பட்ட எண் தொண்ணூற்றாறு.

பாட்டு முடிந்ததும் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தாள். "அப்பா, நெசமாவே அவ்வளவு பிடிச்சிருந்துச்சா?"

திரை இன்னும் அணையவில்லை; அவர் எண் அதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இரு மக்ளே, சொல்லுதேன்" என்று தேவநேசன் அவசரமாகப் பட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஜெனிட்டா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழத்தாண்டாம்ப்பா" என்றாள். "புரிஞ்சிட்டு."