கொப்பி இல்லை, கட்

போனை வைத்ததும் பேதுரு கடைக் கதவை உள்ளே பூட்டினார்.

"மகள், கவர்ன்மென்டால செக் பண்ண வாறாங்களாம். சொஃப்ட்வெயாருக்கு லைசென்ஸ் இருக்கா எண்டு பாக்க. இண்டைக்கே."

கடையில் வேலை செய்யும் நிரோஷா மவுசிலிருந்து கையை எடுத்தாள். "யாரு சேர் சொன்னது?"

"அவங்களேதான். நல்ல மரியாதையா, சிங்களத்தில. பில் எல்லாம் எடுத்து வைக்கட்டாம்."

எடுத்து வைக்க ஒரு பில்லும் இல்லை. கல்யாண அட்டை, மரண அறிவித்தல், மாதா கோயில் திருவிழா போஸ்டர் என்று கொட்டாஞ்சேனையின் அந்தச் சின்ன டிசைன் கடையில் நடந்த வேலையெல்லாம், யாரோ தெரிந்தவர் களவாக ஏற்றிக் கொடுத்த கிராஃபிக்ஸ் மென்பொருளில்தான் நடந்தது. பிடிபட்டால் மெஷினையே தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு வழக்கு.

பேதுரு மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார்.

வேலைக்கு வருகிறவர்கள் ஒரு பென் டிரைவைக்கூட மெஷினில் செருக அவர் விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருந்தார். இப்போது அவரே அதைத் திறக்கக் குனிந்தார். அவசரத்தில் பிழையாக அடித்தார். அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

"எல்லாத்தையும் இதுக்கு மாத்துங்க. சொஃப்ட்வெயார், அதில செஞ்ச ஃபைல், ஒண்டும் இங்க மிஞ்சக் கூடாது."

"சொஃப்ட்வெயார அப்படியே தூக்கி வெச்சா வேலை செய்யாது சேர். செட்டப்ப எடுத்துக்கிட்டு இங்க இருக்கிறத அழிச்சிர்றேன், பிறகு போட்டுக்கலாம். ஃபைல கொப்பி பண்ணவா?"

"கொப்பி பண்ணினா இங்கயும் கிடக்குமே! கட் பண்ணுங்க."

"இடையில கரண்ட் போனா ஃபைல் கெட்டுப் போயிரும் சேர்."

கீழே யாரோ படியேறும் சத்தம் கேட்டது.

இருவரும் அசையவில்லை. செருப்புச் சத்தம் கதவடியில் கொஞ்சம் நின்றது. பிறகு மேல்மாடித் தையல் கடைக்கு ஏறிப் போனது.

"கட் பண்ணுங்க," என்றார் பேதுரு, தொண்டைக்குள்ளேயே.

அவள் கட் பண்ணினாள்.

திரையில் பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. அட்டைகள் போயின. போஸ்டர்கள் போயின. ஒவ்வொரு பெயராக அந்தப் பக்கம் தாவுவதைப் பேதுரு அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவருடைய மூச்சுக் காற்று அவள் கழுத்தில் பட்டது.

பிறகு கோடு நின்றது.

"என்ன? ஏன் நிக்குது?"

"பெரிய ஃபைல் சேர். வீடியோ."

மின்விசிறி ஒரு கணம் வேகம் குறைந்து மறுபடி சுழன்றது. நிரோஷா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கரண்ட் போகக் கூடாது. இன்னும் கொஞ்சம். கடவுளே, இன்னும் கொஞ்சம்.

கோடு அசைந்தது. முடிந்தது.

டிஸ்க்கைக் கழற்றியதும் பேதுரு அதை வாங்கி, அவளுடைய கைப்பைக்குள், குடைக்கு அடியில், தன் கையாலேயே வைத்தார்.

"ஹெந்தளைக்கு, உங்கட வீட்டுக்கே கொண்டு போங்க. நான் சொல்லும் மட்டும் கொண்டு வர வேணாம். உங்களத் தவிர நான் வேற யார நம்புறது, மகள்?"

அவள் தலையாட்டினாள்.

பின்பக்கப் படியால் இறங்கினாள். ஓடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். பஸ் ஹோல்டில் நின்றவர்கள் எல்லோரும் தன் பையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

பஸ் பாலத்தில் ஏறும்போது பேதுருவின் மெசேஜ் வந்தது. 'இன்னும் வரல்ல. மெஷின் எல்லாம் துடைச்சு வச்சிருக்கன். நீங்க கவனம்.'

அதைப் படித்து முடிப்பதற்குள் தம்பி புஷ்பராஜின் போன் கோல் வந்தது. அவன் கோல் சென்டரில் வேலை செய்கிறான்.

"அக்கா, என்னோட சிங்களம் எப்படி? கவர்ன்மென்ட் ஆள் மாதிரியே இருந்திச்சா?"

நிரோஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

பகல் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் விட்டு இரண்டு வருஷம் அவள் கீறிய கார்ட்டூன் படம் அந்த மெஷினில்தான் இருந்தது. த்ரீவீலரில் ஊர் சுற்றும் ஒரு காகக் குஞ்சின் கதை. தரச் சொல்லிக் கேட்டபோது, "என்ட மெஷின்ல கீறினது எல்லாம் கடைக்குத்தான் சொந்தம்," என்று பேதுரு சிரித்தார். போன கிழமை ஒரு டிவிக்காரருக்கு அதைப் போட்டுக் காட்டினார். கடைசியில் ஓடிய பெயர் அவருடையதாக இருந்தது. அவள் அங்கேயே, தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தாள்.

இனி அது அந்தக் கடையில் இல்லை. மற்றதெல்லாம் திங்கட்கிழமை திரும்பிப் போய்விடும்.

"அக்கா? லைன்ல இருக்கியா? சரியா வந்திச்சா?"

"வந்திச்சு." அவள் கண்ணைத் துடைத்தாள். "நீ இன்னொருக்கா கோல் எடு தம்பி. இன்னைக்கு வரமாட்டோம்னு சொல்லிரு. பாவம், அந்த மனுசன் பயத்தில இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டாரு."