செருப்புக் காவல்

அவள் மறுபடியும் முன்னால் போய்விட்டாள்.

பாதை ஊசியிலை மரங்களுக்குள் நுழைந்தது. பின்னால் கணவன் பரிதி மூச்சு வாங்குவது கேட்டது. நின்றால் பேச வேண்டியிருக்கும். அவள் நிற்கவில்லை.

காலையில் கீழே ஊரிலும் இப்படித்தான். பழைய கல்பாலம். மணிக்கூண்டு. கூம்புக் கூரை வீடுகள், ஜன்னல்தோறும் சிவப்புப் பூக்கள். எதன் முன்னாலும் அவளுக்குக் கால் தரிக்கவில்லை. அவன் நின்று நின்று பார்த்தான்.

ஒரு சின்ன அருங்காட்சியகம். அதில் தேனீப் பெட்டிகளின் பழைய முகப்புப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஓவியம். கரடி, வேட்டைக்காரன், முடியைப் பிடித்துச் சண்டை போடும் இரண்டு பெண்கள். தேனீ தன் பெட்டியை அடையாளம் கண்டு திரும்புவதற்காகவாம்.

அவன் அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்தான்.

அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

நாளை மாலை அவனுக்கு விமானம். சென்னை, பிறகு மதுரை.

அவளும் கூடப் போகலாம். அல்லது இங்கேயே, இந்த நாட்டு வேலையிலேயே இருந்துவிடலாம். இருந்துவிட்டால் கல்யாணம் இத்தோடு சரி. அதையெல்லாம் கத்திப் பேசி, அழுது பேசி, கடைசியில் மரியாதையாகவும் பேசியாயிற்று. அவனால் மதுரையில் நடத்தும் அச்சகத்தை விட்டு வர முடியாது. மிச்சம் இருந்தது அவளுடைய ஒரு சொல்.

உச்சியில் சொல்கிறேன் என்று அவளேதான் சொல்லியிருந்தாள்.

உச்சி வந்துவிட்டது.

புல்வெளி. காற்று. நம் ஊர்த் தெருமுனைக் கோயில் அளவுக்கு ஒரு வெள்ளைத் தேவாலயம்.

அவன் வந்து சேரும்போது அவள் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இங்கே யாரும் கழற்றுவதில்லை. அது அவளுக்குத் தெரியும். கைகளுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

பரிதி படியில் உட்கார்ந்தான். எந்தச் சாமியையும் கும்பிடாதவன்.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்."

"இங்க யாரு திருடப் போறாங்க?"

"அழகர்கோயில்லயும் இதையேதான் சொன்ன."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும்.

கல்யாணமான புதிது. புதுச் செருப்பு. சாமி கும்பிட்டு வெளியே வந்தால் இல்லை. சித்திரை வெயிலில் தார் ரோடு. அவன் தன் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை துள்ளித் துள்ளி வந்தான். அன்றிலிருந்து எந்தக் கோயிலானாலும் அவள் உள்ளே, அவன் வெளியே காவல். மழை பெய்தாலும் நகர மாட்டான்.

உள்ளே குளிர். இரண்டு பெஞ்சு, அணைந்த மெழுகுவர்த்திகள். கல்தரை காலுறையைத் தாண்டிச் சில்லென்று ஏறியது.

வரல, என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாக வந்தது.

வரேன், என்றும் சொல்லிப் பார்த்தாள்.

அதுவும் சரியாகவே வந்தது.

பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. தள்ளினாள். மலையின் மறுபக்கம். வேறொரு பள்ளத்தாக்கு, வேறொரு ஊரின் கூரைகள், அதை நோக்கி இறங்கும் ஒரு பாதை.

காலுறையோடு ஈரப்புல்லில் நடந்தாள். கொஞ்ச தூரம். இன்னும் கொஞ்சம்.

பூட்ஸ் இல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. பூட்ஸ் அவனிடம் இருந்தது.

சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் வந்தாள்.

படியில் அவன் இல்லை.

அவளுடைய பூட்ஸ் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. வந்ததும் கால் நுழைக்கத் தோதாக, கயிறுகள் நன்றாகத் தளர்த்தப்பட்டு. பக்கத்தில் அவனுடையது. அவசரத்தில் உதறியது போல ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

உள்ளே இருட்டிலிருந்து அவள் பெயர் கேட்டது.

சின்னக் கதவு கிறீச்சிட்டது.

பிறகு மலையின் மறுபக்கத்தில், காற்றில், மறுபடியும் அவள் பெயர். இன்னும் கொஞ்சம் தள்ளி.

அவள் பூட்ஸை மாட்டிக் கயிறுகளை இறுக்கிக் கட்டினாள். அவர்கள் வந்த ஊருக்கு இறங்கும் பாதை எதிரிலேயே இருந்தது.

அதன் வழியாக ஒரு கிழவர் தன் நாயோடு ஏறி வந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். நாய் அவரை முந்திக்கொண்டு ஓடிவந்து, கவிழ்ந்து கிடந்த பூட்ஸை முகர்ந்தது. கயிற்றைக் கவ்வி இழுத்தது.

"ஏய், விடு. அது எங்களுது."

நாய்க்குத் தமிழ் புரிந்தது போலிருந்தது.

அவன் பூட்ஸைத் துடைத்து, நிமிர்த்தி, ஜோடி சேர்த்து வைத்தாள். வெளிப்பக்கம் பார்த்து.

பிறகு, காலையிலிருந்து முதல் தடவையாக, படியில் உட்கார்ந்தாள்.