மத்தியான வேகம்

"ஸ்பீடு ஸ்லைடரை நடுவுல வச்சிட்டுக் கைய எடுண்ணே. பச்சை லைட் எரியுதா?"

"எரியுது."

"அப்ப ஸ்பீடு கரெக்ட்டு லா. தட்டு ஓரத்துல பாரு, புள்ளியெல்லாம் ஆடாம நிக்குது. மோட்டார்ல ஒண்ணும் இல்ல."

ஷாமினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பூச்சோங்கில் இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்க்கிறவள். சுகுமாறனுக்குச் சித்தப்பா மகள்; அவன் கூப்பிட்டுக் காலையிலேயே கடைக்கு வந்திருந்தாள். ஆனால் அதுதான் அவனுக்குக் கவலை. கெட்டுப்போன மோட்டாரை மாற்றிவிடலாம். ஒன்றுமே கெடாத மெஷினை என்ன செய்வது?

பிரிக்பீல்ட்ஸில், வேலாயுதத்தின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பழைய இசைத்தட்டுகளைப் போடும் டிஜே அவன். கல்யாணம், பிறந்தநாள் என்று ஊர் ஊராகப் பெட்டி தூக்கியவனுக்கு இதுதான் முதல் நிரந்தர வேலை, அதாவது, கிடைத்தால். சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. வைப்பதா அனுப்புவதா என்று முதலாளி இன்று சொல்லிவிடுவார்.

"காலையில நல்லாத்தான் பாடுது ஷாமினி. மத்தியானக் கூட்டம் வந்ததும் ஸ்லைடர் தானா மேல ஏறிடுது. பாட்டு விழுந்தடிச்சு ஓடுது. நடுவுல கொண்டாந்து வச்சிட்டு, ரெக்கார்டு எடுக்க அலமாரிக்குப் போயிட்டு வந்தா, மறுபடி ஏறியிருக்கு. மூணு மணிக்கு மேல பாத்தா கீழ எறங்கித் தூங்கி வழியுது. நேத்து ஒரு அங்கிள் கேக்குறாரு, 'ஏன் தம்பி, பாடுறவரு ரயிலைப் பிடிக்கணுமா?'ன்னு. மானம் போகுது."

"ஏறுறதை நீ கண்ணால பாத்தியா?"

"எங்க பாக்குறது? பாஸே வந்து, 'நீ போய்ச் சாப்பிடு தம்பி, நான் இங்க நிக்கிறேன்'ம்பாரு. தங்கமான மனுசன். அவரு கவனிக்கிறதுக்குள்ள சரி பண்ணணும்."

ஷாமினி ஸ்லைடருக்குள் மருந்து அடித்துத் தூசியைத் துடைத்தாள். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு சுவரில் கை வைத்தாள். அந்தப் பக்கம் அடுக்களையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த அதிர்வுலதான் நழுவுது போல" என்றாள். மெஷினின் கால்களுக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்தாள். ஸ்லைடரை நடுவில் நிறுத்தி, மேலே டேப்பை இறுக்கி ஒட்டினாள். "இனி நீயே நெனச்சாலும் நகராது. போய்ட்டு வரேண்ணே."

மத்தியானம் சுகுமாறன் நிம்மதியாக ரசம் விட்டுச் சாப்பிட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பாட்டு தன் நடையில் ஆற அமரப் போனது. நேற்றைய அங்கிள் இலையை மறந்து, கண்ணை மூடித் தலையாட்டினார். பக்கத்து மேசையில் ஒருவர் மூன்றாம் முறை மோர் கேட்டார். வாசல் வரிசை பக்கத்துப் புடவைக் கடையையும் தாண்டியிருந்தது. உள்ளே ஒருவரும் எழுந்திருக்கிற வழியாக இல்லை. சுகுமாறனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வேலாயுதம் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

"தம்பி, இந்த டேப்பை யாரு ஒட்டுனது?"

"நான்தான் ஒட்டச் சொன்னேன் பாஸ். ஸ்லைடர் தானா ஏறி எறங்குது. உங்ககிட்ட சொன்னா வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன். இன்னிக்குச் சரி பண்ணியாச்சு. இனிமே நகரவே நகராது."

வேலாயுதம் வாசல் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கோபமில்லாமல் அவன் தோளில் கை போட்டார்.

"தானா எங்க தம்பி ஏறும்? நான்தான் ஏத்துவேன். பாட்டு ஓடுனாத்தான் இவங்க கையும் ஓடும், இலைய மடிச்சிட்டு எந்திரிப்பாங்க. மூணு மணிக்குக் கடை காலியா கெடக்கும். அப்ப எறக்கி விட்டா, சாஞ்சு உக்காந்து இன்னொரு தே தாரிக் டீ கேப்பாங்க. வேலை உனக்குத்தான், நாளையிலேர்ந்து இதையும் நீயே பாத்துக்க. இப்ப மொதல்ல அந்த டேப்பைப் பிய்!"