ஈரச் சுவரில் ஒரு டிரம்மர்

வாடகை அறையைக் காலி செய்யும் அன்று சுவரிலிருந்த டிரம்மர் படத்தை அழிக்கும் வேலை ரூபன் தலையில் விழுந்தது. இரும்புத் தகரத்தை அடித்து இரைச்சலிடும் வெளிநாட்டு இசைக்குழுக்களின் ஆல்பம் அட்டைகளைப் பார்த்து, கூடத் தங்கியிருந்த சகாயம் கரியால் வரைந்தது. பிஸ்டன் கைகள், பல்சக்கர மார்பு. முகம் மட்டும் சகாயத்தினுடையது. மாசியில் அவன் செத்துப்போனான். இருந்தவரை போட்டோவுக்கு நிற்கவே மாட்டான். சுவரைப் படமெடுத்தால் வெறும் கரிக்கறைதான் விழுந்தது.

ரூபன் சுண்ணாம்பு அடித்து முடித்தான். ஈரத்துக்குள் டிரம்மர், தண்ணீருக்கடியில் கண்விழித்துக் கிடப்பவனைப் போல, அப்படியே தெரிந்தான்.

“வெள்ளையடிச்சியா, தடவிக் குடுத்தியா தம்பி? பேய் அசையாம நிக்குது,” என்றார் வீட்டுக்கார அக்கா.

“காயக் காயத்தான்க்கா வெளுக்கும்.”

முதலில் அடித்த கால்பக்கம் வெளுத்தது. சக்கரங்கள் போயின. ஓங்கிய குச்சிகள் போயின. வெள்ளை கழுத்துக்கு ஏறியதும் ரூபன் பிரஷை வெறும் தண்ணீரில் நனைத்து முகத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தான். மங்கிய முகம் திரும்ப வந்தது.

“இன்னுமா காயல?” சாவிக்குக் கையை நீட்டியபடி அக்கா வாசலில் நின்றார்.

“இல்லக்கா.”

வெளியே நல்ல வெயில். வாளியில் பாதித் தண்ணீர் இருந்தது.