கேட்காமல் பிடித்த பேச்சு

இதை முதலில் எனக்குச் சொன்னது கடத்தூர் சுல்தானா. எழுபத்தெட்டாம் வருஷம், நான் தீர்த்தமலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிய பஸ்ஸில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

சுல்தானாவின் புருஷன் துபாயில் இருந்தான். கடுதாசிக்குப் பதிலாக இரண்டு பேரும் கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வார்கள். அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான் டேப் ரெக்கார்டர்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு மருமகள் தங்கம்மாள் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க மிஷினை ஒரு நாளைக்குக் குடுங்க."

"யாருக்குப் பேசி அனுப்பப் போற?"

"நான் பேசலீங்க்கா. எங்க அத்தை பேசறதைப் பிடிக்கணும்."

"மாதம்மா பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டுட்டுப் பிடிச்சா எப்படிங்க்கா திட்டுவாங்க?"

தங்கம்மாளின் புருஷன் மாதப்பன் தருமபுரியில் வக்கீல் குமாஸ்தா. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதம்மாள் வாயில் தேன் ஒழுகும். மற்ற நாளெல்லாம் தங்கம்மாள் பாடு திண்டாட்டம்.

என்னையும் தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவள் கேட்காத வாரம் இல்லை. "எங்கம்மாவைத் தனியா வுட்டுட்டா? இந்த மாதிரி மாமியார் யாருக்குடி கெடைப்பாங்க?" என்பான்.

"தப்பு தங்கம். அடுத்தவங்க கடுதாசியைப் பிரிச்சுப் படிக்கற மாதிரி அது" என்றாள் சுல்தானா.

"கடுதாசியா இருந்தா படிக்காமக் கிழிச்சுப் போட்டிருப்பேனுங்க. இது நேராக் காதுல வுழுவுதே."

சுல்தானா மிஷினை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை தங்கம்மாள் மிஷினை ராகி மூட்டைக்குப் பின்னால் வைத்து, மேலே பழஞ்சேலையைப் போட்டு மூடினாள். பட்டனை அமுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் அடுப்பு ஊதினாள்.

மாதம்மாள் ஆரம்பித்தாள். அன்றைக்கு என்ன வேகம். நாலு மாதத் திட்டை ஒரே மூச்சில் திட்டினாள். வழக்கமாக வாசலில் பாதி, கொல்லையில் பாதி என்று நடந்துகொண்டே திட்டுகிறவள், மூட்டைக்குப் பக்கத்திலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாமியே ஒத்தாசை பண்ணுது என்று நினைத்துக்கொண்டு, தங்கம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

மறுநாள் மாமியார் சந்தைக்குப் போன சமயம் பார்த்து, மிஷினைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"எங்கம்மாவைக் கேக்காமயா பிடிச்சே?" மாதப்பனுக்குக் குமாஸ்தா புத்தி வந்துவிட்டது. "ஒருத்தர் சம்மதம் இல்லாமப் பிடிச்சதைச் சாட்சியா எடுத்துக்கலாமான்னு எங்க வக்கீலைக் கேட்டுட்டுத்தான் நான் கேக்கணும்."

"இது கோர்ட்டு இல்லீங்க, வூடு" என்று சொல்லி, அவள் பட்டனை அமுக்கினாள்.

"களியாடி இது? செவுத்துல அப்பினா வூடு கட்டலாம். உங்க இண்டூர்ல மனுசங்க திங்கறதே இல்லியா? எம்மவனுக்குக் கண்ணு அவிஞ்சு போயித்தான் உன்னப் புடிச்சுட்டு வந்தான்…"

மாதப்பன் வாய் பிளந்தது பிளந்தபடி இருந்தது. அம்மா அவன் மாமனாரை விட்டுவிட்டு, மாமனாரின் அப்பாவுக்குப் போனபோது, "போதும், நிறுத்து" என்றான்.

எழுந்து பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினான்.

"பொட்டியக் கட்டு. தருமபுரியில வூடு பாக்கறேன்."

சந்தையிலிருந்து வந்த மாதம்மாள் விஷயத்தைக் கேட்டு, "உன் இஷ்டம் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு, காய்கறிக் கூடையோடு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போன தங்கம்மாள் முகத்தில் சந்தோஷம் பாதி, என்னவோ பாதி.

"முழுசும் கேட்டியா?" என்றாள் சுல்தானா.

"எதுக்குங்க்கா? ஒரு தடவை கேட்டதே ஒரு வருசத்துக்குப் போதும்."

"மிச்சம் என்ன இருக்குன்னு பாத்துட்டு அழிக்கறேன்" என்று சுல்தானா பட்டனை அமுக்கினாள்.

கேசட்டில் தங்கம்மாளின் தாத்தாவையும் ஒரு பிடி பிடித்தாள் மாதம்மாள். பிறகு குடம் எடுக்கிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், கிட்டத்தில், மெதுவாக அதே குரல்.

"தங்கம்… மூட்டைக்குப் பின்னால கொர்ருங்குது, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நேத்து வரைக்கும் திட்டுனது நெசம்தான், என் வாயி அப்படி. இன்னிக்குத் திட்டுனது உனக்காக. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போடான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன், உன்னத் தனியா வுட மாட்டேம்மாங்கறான். இதைக் கேட்டாத்தான் அவனுக்கு மனசு வரும். களி நல்லாத்தான் இருந்துச்சு. இந்த எடத்தை மட்டும் அவனுக்குப் போட்டுக் காட்டாதே, கண்ணு."